துரை கண் விழித்த பிற்பகல்

அந்த மருத்துவமனையில் கொளுத்தும் வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தவர் ஒருவர்தான். எல்லோரும் அவரை வயரக்கா என்று கூப்பிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஜன்னல் இல்லாத அறைதான் அவர் இடம். வெளியே கூடத்தில் காய்ச்சலோடு வந்தவர்கள் மருத்துவச் சீட்டையே விசிறியாக்கி வீசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறையில் மட்டும் குளிர்சாதனம் ஓயாமல் ஓடும். அந்தக் குளிர் மனிதர்களுக்காக அல்ல. இரும்புச் சட்டத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்காக. அவற்றிலும் நடுவில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த ஒரு பெட்டிக்காக. "துரைக்கு ஏசி, நமக்கு விசிற ஒரு அட்டை" என்று எலெக்ட்ரீஷியன் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெட்டியின் பெயர் துரை.

துரை ஒரு ரூட்டர். பல முனைகளிலிருந்து வரும் செய்திகளை எது எந்த வழியில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் பெட்டி. பரிசோதனைக் கூடத்தின் முடிவுகள் மருத்துவரின் மேசைக்குப் போவதும், மருந்தகத்துக்குச் சீட்டு போவதும், மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவர்களின் இதயத் துடிப்பு செவிலியரின் திரையில் கோடாக ஓடுவதும் துரை வழியாகத்தான்.

அந்த அறைக்குள் போகும் எவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். தூசு உள்ளே வரக்கூடாது என்பதற்காக என்றோ யாரோ சொன்ன ஏற்பாடு. தூசுக்காக மாட்டியிருந்த வடிகட்டியை வருடக்கணக்கில் ஒருவரும் கழுவவில்லை, ஆனால் செருப்பைக் கழற்றுவது மட்டும் நிற்கவில்லை. பிறகு உள்ளே வருபவர்கள் குரலைத் தாழ்த்தத் தொடங்கினார்கள். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் துரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை வயரக்காவே பார்த்திருக்கிறார். காரணம் செத்துப்போய் அதன்மேல் பயபக்தி முளைக்க ஆயிரம் ஆண்டுகள் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு குளிர்ந்த அறையும், புரியாத ஒரு பொருளும், கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்ற நிலைமையும் இருந்தால் நாலைந்து வருடமே போதும்.

வயரக்காவும் பயப்படுகிறவர்தான். ஆனால் அவருடைய பயம் வேறு ரகம். தொழிற்படிப்பு முடித்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, கட்டிக்கொண்டிருந்த கட்டடங்களில் சுவருக்குள் கேபிள் இழுப்பது. கூட வேலை பார்த்த ஒருவர், "ஆஃப் பண்ணிட்டேன், தொடு" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு கம்பியைத் தொட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் தொடவில்லை. அன்று முதல் வயரக்கா வாய் வார்த்தையை நம்புவதில்லை. தானே போய்ப் பார்ப்பார், திரும்பவும் பார்ப்பார். வீட்டில் அடுப்பை அணைத்தாயிற்றா என்று தெருமுனையிலிருந்து வண்டியைத் திருப்பச் சொல்வார். அவர் கணவர் சரக்கு வேன் ஓட்டுநர். "உனக்குத் தனியா பயப்பட ஆள் வச்சா எனக்கு வேனுக்கு டீசலாவது மிச்சமாகும்" என்பார். கல்லூரியில் படிக்கும் மகள், "அம்மா, நீ ஒருநாள் பயப்படலைன்னா அன்னிக்கு எங்களுக்குப் பயமா இருக்கும்" என்பாள். அந்தக் கல்லூரிப் படிப்பு நடந்ததே வயரக்காவின் சம்பளத்தில்தான். அந்தச் சம்பளமும் மருத்துவமனை தருவதல்ல. ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் தருவது. மருத்துவமனை "இந்த ஆள் வேண்டாம்" என்று ஒரு போன் செய்தால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

அப்படி எழுப்பிவிடப்பட்டவர்தான் வயரக்காவுக்கு முன்னால் அங்கே இருந்தவர். மீசை என்று பெயர். மீசையின் கதை தெரிந்தால்தான் இந்தக் கதை புரியும்.

துரைக்கு இரண்டு வகை ஞாபகம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லப்படும் கட்டளைகள் மெமரியில் இருக்கும். அவற்றைச் சேமித்தால்தான் கோப்பில் ஏறும். மின்சாரம் போனால் மெமரியில் இருப்பது அழிந்துவிடும். மீண்டும் எழும்போது துரை கோப்பில் இருப்பதை மட்டும் படித்து, அதுதான் உலகம் என்று நம்பி வேலையைத் தொடங்கும். அந்த மருத்துவமனையில் ஒப்பந்த ஊழியர்கள் அனுமதி கேட்டுக் கட்டளைகளை மாற்றலாம், சேமிக்கக் கூடாது. சேமிக்கும் பாஸ்வேர்ட் கணினிப் பிரிவு மேலாளரிடம் மட்டும் இருக்கும். வெளியாட்களை நம்பக் கூடாதாம். வெளியாட்களை வைத்தே எல்லா வேலையும் வாங்குகிறவர்களின் ஜாக்கிரதை அது. மீசை ஒவ்வொரு மாற்றம் செய்தபோதும் "சேமிச்சிடுங்க சார்" என்று செய்தி அனுப்புவார். மேலாளர் கூட்டத்தில் இருப்பார். மாற்றங்கள் மெமரியில் குவிந்துகொண்டே போயின, கோப்பு பழையதாகவே கிடந்தது.

ஒருநாள் மின்சாரமும் போய், பேட்டரியும் கைவிட்டது. துரை பழைய கோப்போடு எழுந்தது. மருந்தகமும் பரிசோதனைக் கூடமும் அரை நாள் முடங்கின. மீசை எல்லாவற்றையும் மனதிலிருந்து எடுத்து மறுபடி கட்டினார். பிறகு விசாரணை வைத்தார்கள். "ஏன் சேமிக்கவில்லை?" என்று கேட்டார்கள். சேமிக்கக் கூடாது என்று தடை போட்ட அதே வாய்கள் கேட்ட கேள்வி அது. மீசையை வெளியே அனுப்பினார்கள். பழைய கோப்பு விசாரணைக்கு ஆதாரம், அதில் கை வைக்கக் கூடாது என்றும் ஒரு உத்தரவு போட்டார்கள். விசாரணை முடிந்தது, உத்தரவை விலக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே, துரை விழுந்தால் இன்றைக்கும் அதே பழைய கோப்போடுதான் எழும். அந்தக் கோப்பில் தீவிர சிகிச்சைப் பிரிவே கிடையாது. அது எழுதப்பட்டபோது மாடியில் வெறும் தளம்தான் இருந்தது.

இதனால்தான் துரையை யாரும் அணைத்து எழுப்பியதில்லை. "துரையைத் தொட்டா மீசை கதிதான்" என்பது அந்தக் கட்டடத்தில் ஒரு வேதவாக்கு.

அன்று காலை வயரக்காவுக்கு மாடியிலிருந்து போன் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியர். கறாரான பெண்மணி, குரலை உயர்த்தாமலே வேலை வாங்குபவர்.

"ஏம்மா, என் திரையில கோடெல்லாம் நடுவுல நின்னு நின்னு போகுது. ஆளுக்கு எதாவதுன்னு ஓடிப் போய்ப் பாத்தா அவர் நல்லா சாத்துக்குடி உரிச்சிட்டு உக்காந்திருக்கார். எனக்குத்தான் நெஞ்சு நின்னுடும் போல இருக்கு."

வயரக்கா லேப்டாப்பை இணைத்துத் துரையின் நிலையைப் பார்த்தார். மெமரி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. இவ்வளவு காலம் அணையாமல் ஓடிய பெட்டி, தேவையில்லாததையும் சேர்த்து வைத்துக்கொண்டு மூச்சு முட்டி நின்றது. நாமாக அணைத்து எழுப்பாவிட்டால் தானாக விழும். மாலையில் விழுமா, அடுத்த நிமிடமா, தெரியாது. விழுந்தால் பழைய கோப்பு. மாடியில் திரைகள் இருண்டுவிடும், சரிசெய்யப் பாதி நாள் பிடிக்கும்.

திரை இருண்டால் செவிலியர் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். மாடியில் கட்டிலருகே திரை கிடையாது. செலவு மிச்சம் என்று ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சிறிய பெட்டியை மட்டும் தொங்கவிட்டு, எல்லோருடைய துடிப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரே மேசைக்கு வந்துவிட்டதால் ஒருவர் பார்த்தால் போதும் என்று செவிலியர்களில் பாதிப் பேரைக் குறைத்தார்கள். ஒரு பெட்டி நின்றால் உயிர் போகும் என்ற நிலைமையைப் பெட்டி உண்டாக்கவில்லை. மனிதர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்தவர்கள் உண்டாக்கியது அது.

வயரக்கா மேலாளரை அழைத்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் வயிற்றெரிச்சல் மாத்திரை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஓட்டிடுமா?"

"சொல்ல முடியாது சார். நாமளே எழுப்பிட்டா நல்லது. எந்த ஃபைலோட எழணும்னு முன்கூட்டியே சொல்லிட்டு எழுப்பலாம். பழைய ஃபைல் வேண்டாம்."

"வேற எது?"

"இப்ப மெமரில ஓடிட்டிருக்கறதையே சேமிச்சா அதைவிட நல்லது இல்ல. பாஸ்வேர்ட் நீங்கதான் போடணும்."

மேலாளர் பாஸ்வேர்டை அடித்தார். துரை வெகுநேரம் யோசித்தது. பிறகு சேமித்துவிட்டதாகச் சொன்னது. மேலாளர் மூச்சு விட்டார். "அவ்வளவுதானே? புதுசு வந்தாச்சு. இதையே போட்டு எழுப்பிடுங்க."

வயரக்கா எழுப்பவில்லை. "சேமிச்சாச்சு" என்பதும் ஒரு வாய் வார்த்தைதான். கோப்பைத் திறந்து அடிவரை போனார். ஒரு முழுமையான கோப்பு 'முடிந்தது' என்ற கட்டளையோடு முடிய வேண்டும். இது ஒரு சொல்லின் நடுவில் அறுந்து நின்றது. மெமரியில் இடமில்லாமல் துரை பாதியிலேயே எழுதுவதை விட்டிருந்தது. அறுந்த இடத்துக்குக் கீழே இருக்க வேண்டியது மாடியின் வழிகள். கட்டளைகளைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தார். அதுவும் அதே இடத்தில் நின்றது.

தேதியைப் பார்த்து, புதியதுதானே என்று அதையே போட்டிருந்தால்? துரை அரைக் கோப்போடு எழுந்து, பச்சை விளக்கை எரியவிட்டு, எல்லாம் சரி என்ற முகத்தோடு நின்றிருக்கும்.

கோப்புப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. 'கடைசி' என்று பெயர். அதை யாரும் திறந்ததில்லை. தேதி, மீசை வேலையைவிட்டுப் போன வாரத்துத் தேதி.

"வேண்டாம்மா" என்றார் மேலாளர். "வேலை போன ஆள் வச்சிட்டுப் போன ஃபைல். கோவத்துல என்ன வச்சிருப்பாரோ."

அந்தச் சந்தேகம் வயரக்காவுக்கும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அநியாயமாக வெளியேற்றப்பட்ட ஒருவரைப் பற்றி, அநியாயம் செய்தவர்களுக்கு வரும் முதல் பயம் எப்போதும் இதுதான். அவர் பழிவாங்கியிருப்பாரோ என்று தோன்றுமே தவிர, அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றாது. வயரக்கா போனை எடுத்தார். மீசை இப்போது இரண்டு தெரு தள்ளி செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார்.

"அண்ணே, நான் ஆஸ்பத்திரி வயரக்கா பேசறேன்."

"என்னம்மா, துரை மண்டையைப் போட்டுட்டாரா?"

"இன்னும் இல்ல. மூச்சு வாங்கறார். அண்ணே, 'கடைசி'ன்னு ஒரு ஃபைல்..."

மறுமுனையில், கடையில் ஏதோ ஒரு போன் விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு எல்லாத்தையும் திரும்பக் கட்டுறப்போ சார் பாஸ்வேர்ட் போட்டுக் குடுத்தார். அப்பவே ஒரு நகல் எடுத்து வச்சேன். மாடியில புதுத் திரையெல்லாம் அப்பத்தான் சோதனை போட்டுட்டிருந்தாங்க, அதுவும் அதுல இருக்கு. எழும்போது இதைப் படின்னு மாத்தப் போனேன், ஆதாரம் தொடாதேன்னுட்டாங்க."

"அதுல வேற எதாவது...?" வயரக்காவுக்குக் கேள்வியை முடிக்கக் கூசியது.

"குண்டு வச்சிருக்கேனான்னு கேக்கறியா?" மீசை சிரித்தார். சிரிப்பில் கசப்பு இருந்தது, ஆனால் கோபம் வயரக்காமேல் இல்லை. "என்னை நம்பாதே. படிச்சுப் பாரு. ஒவ்வொரு வரியாப் படி. நான் போனதுக்கப்புறம் நீ என்னென்ன மாத்தினியோ அது அதுல இருக்காது, அதைத் தனியா போடணும். இன்னொண்ணு, ஃபைல் பேரைத் தப்பா அடிச்சிட்டீன்னா துரை ஒண்ணுமே படிக்காம, பொறந்த குழந்தை மாதிரி எழுந்திருப்பார். பாத்து."

வயரக்கா படித்தார். அறுந்த கோப்பை ஒரு பக்கமும் 'கடைசி'யை மறு பக்கமும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போனார். குளிர் அறையில் அவர் நெற்றி வேர்த்தது. மேலாளர் பின்னால் நின்று மாத்திரையை மென்றார். ஒவ்வொரு வரியும் சுத்தம். கோபத்தில் இருந்த மனிதர் கோபத்தைக் கோப்பில் காட்டவில்லை. வயரக்கா வந்தபிறகு செய்த மாற்றங்கள் மட்டும் அதில் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலாளரிடம் செய்தியில் அனுமதி கேட்டிருந்ததால், போனில் அவற்றையெல்லாம் தேடி எடுத்து வரிசையாகத் தயார் செய்துகொண்டார்.

இனி எழுப்ப வேண்டியதுதான். துரை எழச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் மாடித் திரை இருண்டிருக்கும்.

"சார், மாடிக்கு ஆள் வேணும். ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒருத்தர் நிக்கணும்."

மேலாளர் நிர்வாக அலுவலரிடம் போனில் கேட்டார். திரும்பி வந்த பதிலை அப்படியே சொன்னார்: "வீணா பீதியைக் கிளப்பாதீங்கங்கறார். சத்தமில்லாம முடிங்கன்னார்."

சத்தமில்லாமல் முடிப்பது. எத்தனை பேரை இந்த இரண்டு சொற்கள் விழுங்கியிருக்கின்றன என்று எந்த மருத்துவமனையும் கணக்கெடுத்ததில்லை. வயரக்காவுக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மகளின் அடுத்த பருவக் கட்டணம் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து மாடிப்படி ஏறினார். தலைமைச் செவிலியரிடம் நடந்ததைச் சொன்னார். கடைசியில், "எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர்" என்றார்.

தலைமைச் செவிலியர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "பயமா இருக்கறவங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. பயமில்லாதவங்க சத்தமில்லாம முடிச்சிருப்பாங்க. எவ்வளவு நேரம் வேணும்?"

"ஆள் சேர்ந்ததும் சொல்லுங்க. எழுப்பறேன்."

செவிலியர்கள் போதவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து கட்டடம் சற்று ஓய்ந்திருந்த பிற்பகல். தலைமைச் செவிலியர் துப்புரவுப் பணியாளர்களைக் கூப்பிட்டார், சக்கர நாற்காலி தள்ளுபவர்களைக் கூப்பிட்டார், லிஃப்டை நிறுத்தச் சொல்லி லிஃப்ட் இயக்குபவரையும் வரச் சொன்னார். எல்லோரையும் கை கழுவ வைத்து, முகக்கவசம் கட்ட வைத்து, மணிக்கட்டில் துடிப்பு பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்.

லிஃப்ட் அண்ணன் தயங்கினார். "சிஸ்டர், நான் பட்டனைத் தவிர எதையும் அமுக்கினதில்ல."

"இதுவும் அப்படித்தான். ஆனா மேல கீழ போகச் சொல்லி அமுக்காதீங்க."

"துடிக்குது சிஸ்டர். ஆனா இது இவங்களுதா என்னுதான்னு தெரியலையே."

"கட்டைவிரலை வச்சிருக்கீங்க. கட்டைவிரல்ல உங்க துடிப்புதான் கேக்கும். நடு ரெண்டு விரலை வைங்க. துடிப்பு மாறினா, விட்டு விட்டு வந்தா, என்னைக் கூப்பிடுங்க. நீங்களா எதுவும் செய்யக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் விடவும் கூடாது."

லிஃப்ட் அண்ணனுக்குக் கிடைத்தது மூலைக் கட்டில். அதில் படுத்திருந்தவர் ஒரு பேருந்து நடத்துநர், நெஞ்சுவலியோடு முந்தின நாள் வந்த பெண்மணி. அவர் கண்ணைத் திறந்து, "என்ன தம்பி, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

கீழே வயரக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். எழும்போது 'கடைசி'யைப் படி என்ற கட்டளையை அடித்தார். பெயரைப் பார்த்தார். எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். மேலாளரையும் படிக்கச் சொன்னார். அந்த ஒரு வரிக்கு இடம் போதுமாக இருந்தது, அவர் சேமித்தார். திரும்பவும் இருவரும் படித்தார்கள். பிறகு மாடியிலிருந்து போனில் "சரி" என்று வந்ததும், வயரக்கா எழுப்பும் கட்டளையைக் கொடுத்தார்.

பச்சை விளக்கு அணைந்தது.

அந்த அறையில் அவர் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார், அமைதியை. துரையின் விசிறிகள் நின்றுவிட்டன. அந்த இரைச்சலுக்குள்ளேயே இத்தனை காலம் உட்கார்ந்திருந்ததால் அது இருந்ததே அவருக்குத் தெரியாது. இப்போது காது அடைத்துக்கொண்டது. மேலாளர் அறியாமலே கைகளைக் கூப்பியிருந்தார். வயரக்காவின் கைகள் விசைப்பலகைமேல் இருந்தன. வேண்டிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. பெயரைச் சரியாக அடித்தேனா, அடித்தேனா என்று மட்டும் மனம் ஓடியது. விசிறிகள் உறுமலோடு கிளம்பின. திரையில் வரிகள் விழத் தொடங்கி, ஒரு இடத்தில் நின்றன. நின்றது நின்றபடியே இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"தெரியல சார்."

"எதாவது பண்ணுங்க."

"இப்ப எதையும் பண்ணக் கூடாது சார். தொட்டாத்தான் கெடும்."

வரிகள் மறுபடி நகர்ந்தன. 'கடைசி' என்ற பெயர் திரையில் வந்து கடந்து போனது. பச்சை விளக்கு எரிந்தது. வயரக்கா தயாராக வைத்திருந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். போன் அடித்தது.

"வந்திடுச்சு" என்றார் தலைமைச் செவிலியர். மேலாளர் சுவரில் சாய்ந்தார். "எல்லாரும் வந்தாச்சு. மூலைக் கட்டில் மட்டும் இல்ல."

"இல்லையா?"

"காலியா இருக்கு. கோடே இல்ல. இரு..." போனில் தூரத்தில் லிஃப்ட் அண்ணனின் குரல் கேட்டது: "சிஸ்டர், விட்டு விட்டு வருது. சிஸ்டர், இங்க வாங்க." போன் மேசையில் வைக்கப்படும் சத்தம். ஓடும் காலடிகள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வயரக்கா செய்திகளை மறுபடி புரட்டினார். மூலைக் கட்டிலைப் பற்றி எதுவும் இல்லை. மீசையின் கோப்பில் அந்தக் கட்டில் பழைய முனையில் இருந்தது. எப்போது மாற்றினேன்? யார் கேட்டார்கள்? ஒரு மனித உயிர் தன் ஞாபகத்தில் தொங்குகிறது என்று தெரியும்போது ஞாபகம் முதலில் ஓடி ஒளிந்துகொள்ளும். அவர் கண்ணை மூடி, அந்த மூலையை மனதில் பார்த்தார். சுவர். கருகிய சுவர். ஆம், ஒருநாள் கட்டிலின் கேபிள் செருகியிருந்த அந்தச் சுவர்ப் பலகை புகைந்துபோனது. செவிலியர் ஒருவர் பதறிக்கொண்டு போன் செய்தார். அனுமதி கேட்டால் நாளாகும் என்று வயரக்கா கேட்காமலே பக்கத்து முனைக்கு மாற்றிக் கொடுத்தார். கேட்காததால் செய்தியும் இல்லை. விதியை மீறி அவர் செய்த ஒரே நல்ல காரியம், விதிப்படி எங்கும் பதிவாகாமல் போயிருந்தது.

முனையின் எண்ணை அடித்தார். தப்பு. விரல் நழுவியிருந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். காத்திருந்தார். போனை எடுக்க மாடியில் யாரும் இல்லை.

வெகுநேரம் கழித்துத் தலைமைச் செவிலியரின் குரல் வந்தது, மூச்சிரைப்போடு. "கோடு வந்திடுச்சு. ஊசி போட்டோம், டாக்டர் நிக்கிறார். இப்பப் பரவாயில்ல. துடிப்பு தடுமாறினதும் லிஃப்ட்காரர் உடனே கூப்பிட்டார். திரையை நம்பி நான் மேசையில உக்காந்திருந்தா..."

வயரக்கா போனை வைத்தார். ஆனால் வேலை முடியவில்லை.

"சார், இப்பவே சேமிங்க. இந்த நிமிஷம்."

மேலாளர் விசைப்பலகையைப் பார்த்தார். சேமித்தால் யார் சேமித்தது என்று துரை பதிந்துவைக்கும். விசாரணை என்று வந்தால் அந்தப் பெயர்தான் முதலில் வரும். "பாஸ்வேர்ட் சொல்றேன், நீங்களே அடிச்சிடுங்களேன்" என்றார் மெல்ல.

அவர் கெட்டவர் இல்லை. மேலே இருந்து வரும் பயத்தைக் கீழே இறக்கிவைத்தே பழகியவர். வயரக்கா நாற்காலியைவிட்டு எழுந்து அவருக்கு இடம் விட்டார்.

"நான் அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லியிருக்கீங்க. நீங்க உக்காருங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

மேலாளர் உட்கார்ந்தார். சேமித்தார். வயரக்கா அந்தக் கோப்பையும் திறந்து, அடிவரை போய், 'முடிந்தது' இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

அதற்குள் மேலாளரின் போன் அடித்தது. நிர்வாக அலுவலர். சின்ன அறை அது, மறுமுனைக் குரல் தெளிவாகவே கேட்டது. லிஃப்டை நிறுத்தியது யார், துடைப்பம் பிடிக்கிறவர்களை ஐசியூவுக்குள் விட்டது யார், நோயாளியைத் தொட விட்டது யார்? மேலாளர் வயரக்காவைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது சார். அந்தக் கான்ட்ராக்ட் பொண்ணுதான் போய் சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கு... ஆமா சார்... நாளைக்குக் காலையில விளக்கம் எழுதித் தரச் சொல்றேன் சார்."

போனை வைத்துவிட்டு, "கோச்சுக்காதீங்க" என்றார்.

ஒரு பெண்மணி உயிரோடு இருக்கிறார். அதற்கு விளக்கம் வேண்டுமாம். வயரக்கா செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாக் கோடுகளும் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்களெல்லாம் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். மூலைக் கட்டிலில் மட்டும் லிஃப்ட் அண்ணன் முட்டி போட்டபடி நடத்துநரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் போகலையா அண்ணே?"

"விடச் சொல்லி யாரும் சொல்லலையே."

"விடச் சொல்லுங்கம்மா" என்றார் நடத்துநர், கண்ணைத் திறக்காமலே, ஈனக் குரலில். "என் கை மரத்துப்போச்சு."

தலைமைச் செவிலியர் வந்து லிஃப்ட் அண்ணனின் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டார். லிஃப்ட் அண்ணன் போனதும் வயரக்கா சொன்னார்: "நாளைக்குக் காலையில விளக்கம் கேட்டிருக்காங்க சிஸ்டர். உங்க பேரும் வரும். நான் வந்து உங்ககிட்ட சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு அந்தம்மா வீட்டுல இருந்து கேட்டிருப்பாங்க. அதுக்கு என்ன விளக்கம் எழுதுவே?"

தலைமைச் செவிலியர் வயரக்காவின் கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்த வார்டுலயே இப்ப மோசமா ஓடறது உன்னுதுதான். உக்காரு. இது இறங்கட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதலாம்."